காலி என்று நான் கொடுத்த டின்கள்

அண்ணி,

நேற்று மருமகள் அம்மியில் பூண்டு நசுக்கினாள். வாசம் வந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நெற்பயிருக்குப் புதிதாகப் பூச்சிமருந்து வந்த காலம். உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கிடங்கில் எனக்கு வேலை. காலி டின்களைப் பின்பக்கம் குவிப்பேன். பளபளக்கும் தகரம், இறுக்கமான மூடி. தூக்கி எறிய மனம் வராமல் தெருவில் ஆறு வீட்டுக்குக் கொடுத்தேன். முதல் டின் உங்களுக்கு.

"இன்னா தம்பி, பூண்டு நாத்தம் அடிக்குது?"

"கழுவினா போயிடும் அண்ணி."

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றினீர்கள். உச்சிவெயில் ஏறுவதற்குள் கோழிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. சத்தமே இல்லை. கால்கள் மட்டும் நெடுநேரம் இழுத்துக்கொண்டிருந்தன. ஈரத்தில் உட்கார்ந்த ஈக்கள் எழும்பவே இல்லை.

நீங்கள் திட்டவில்லை. "இன்னும் யார் யார் வூட்டுக்குக் குடுத்தே?" என்று மட்டும் கேட்டீர்கள்.

வாசல் வாசலாக நடந்தோம். நாலு வீட்டில் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். கடைசி வீட்டில் ஒருத்தி, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, அந்த டின்னிலிருந்து மோரைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் டின்னை எட்டி உதைத்தீர்கள். மோர் தரையெல்லாம் ஓடியது.

"பைத்தியம் புடிச்சிக்கீதா உனக்கு?" என்று அவள் கத்தினாள். நீங்கள் டின்னை எடுத்துக்கொண்டு நடந்தீர்கள்.

கிடங்கில் கிடந்த மற்ற டின்களோடு சேர்த்து எல்லாவற்றையும் வாய்க்காலோரம் புதைக்கலாம் என்றேன்.

"வாணாம். தண்ணி போற எடம் அது. டின்னு மட்டுமா வெஷம்? கழுவுன தண்ணி, தொடச்ச துணி, அடியில நிக்கிற மருந்து, அல்லாம் வெஷந்தான். எரிச்சா பொகையும் அதான்."

ஊருக்கு வெளியே கல்லுமேட்டில் குழி வெட்டினோம். மறுபடி யாரும் எடுத்துப் புழங்கக் கூடாதென்று ஒவ்வொரு டின்னையும் கடப்பாரையால் குத்தி ஓட்டை போட்டீர்கள். அடியில் நின்ற மருந்து உங்கள் கையெல்லாம் தெறித்தது. கடைசி டின்னில் கடப்பாரை நழுவியது.

"இன்னா தம்பி, இருட்டிக்கினு வருது?"

நல்ல வெயில், அண்ணி. உங்கள் கண்மணிகள் கடுகுபோலச் சுருங்கியிருந்தன. வாயோரம் எச்சில் ஒழுகியது.

மாட்டுவண்டியில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்து வந்தீர்கள். ஆனால் சாகும்வரை உங்கள் வலக்கை நடுங்கியது. அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டீர்கள். ஒருநாள்கூட என்னைக் குற்றம் சொன்னதில்லை.

இப்போது அந்த மாதிரிக் குப்பைக்கு அபாயகரமான கழிவு என்று பெயர். தீர்ந்துபோன பேட்டரி, பெயின்ட் டப்பா, ஆஸ்பத்திரி ஊசி, தொழிற்சாலைச் சாயத்தண்ணீர் என்று பட்டியல் நீளமாக இருக்கிறது. குப்பைமேட்டில் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த ஈக்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

கல்லுமேட்டில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். குழி இருக்கும் இடம் தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான். போன வாரம் போய்ப் பார்த்தேன். புல் எங்கும் ஒன்றுபோல முளைத்திருந்தது. எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. சரியாக அந்தக் குழியின்மேல் நின்றுகொண்டு மனை விற்பவர் ஒருவர் சொன்னார்: "இங்கதான் போர் போடப் போறோம், பெரியவரே. குடிக்கிற தண்ணிக்கு."

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். டின்களைத் தோண்டி எடுத்துப்போக ஆள் வரும்வரை அந்த இடத்தை விட மாட்டேன், அண்ணி.