லைட், நைட், ரைட்

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், தூங்கிக்கொண்டிருந்த மகனுக்கு அம்மா சீட்டு எழுதினாள்.

"கஞ்சி அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணி அப்பாவுக்குக் குடு. பேச்சுப் பயிற்சி குடுக்கிறவங்க மதியம் வருவாங்க. அதுக்குள்ள அந்த வார்த்தைங்களை அப்பாகிட்ட கேளு. லைட்னா வெளிச்சம், நைட்னா ராத்திரி, ரைட்னா சரி, ஃபைட்னா சண்டை. இங்கிலீஷ்ல எழுதினா எல்லாத்துக்கும் கடைசி நாலு எழுத்து ஒண்ணுதான், ight. நீ எடுத்துக் குடுக்காதே, அவரா சொல்லட்டும்."

காலமெல்லாம் பள்ளியில் இங்கிலீஷ் நடத்திய மனுஷன். பக்கவாதம் வந்த பிறகு ஒரு வார்த்தையும் வாயில் நிற்கவில்லை.

பேனாவை மூடியவள், மறுபடி திறந்து அடியில் நுணுக்கி எழுதினாள்.

"நேத்து நீ, 'இனிமே இவருக்கு எதுவும் வராதும்மா, விட்டுடு'ன்னு கத்தினே. அவருக்குப் பேச்சுதான் போச்சு, காது நல்லாக் கேக்குது. காலையில வார்த்தைத் தாளை நீட்டினேன். வாங்கி மடிச்சு, என் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டார். எனக்கு உன் மேல கோபம் இல்லைடா. வராதுன்னுதான் எனக்கும் தோணுது."

எழுதியதைப் படித்துப் பார்த்தாள். கடைசி வரியை மட்டும் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை ஃப்ரிஜ் கதவில் ஒட்டிவிட்டுக் கிளம்பினாள்.