பூத்தொட்டிக்குக் கேட்ட வண்டி

கோட்டர்,
மார்ச் 27

அன்புள்ள திரிபோவுக்கு,

உங்கள் ஜாவா மோட்டார் சைக்கிளை நான் விற்கவில்லை. சென்ற வியாழக்கிழமை நானே அதை ஓட்டிக்கொண்டு நெகுஷி மலைக்கு ஏறினேன், இறங்கினேன், அங்கிருந்து கடலோரமாகவே பெராஸ்ட் வரை போய் வந்தேன். எலும்பு எதுவும் உடையவில்லை. எழுதும்போதுகூடக் கை குறுகுறுக்கிறது, சந்தோஷத்தில்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பாதியிலேயே "லைன் சரியில்லை" என்று வெட்டிவிடுவீர்கள். அதனால்தான் உங்கள் கப்பலுக்கு வேலைக்கு வரும் சாவோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே ஒரு கட்டி புகைச் சீஸும். சீஸ் வந்து சேராவிட்டால் அவன் முகத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

என் உடம்பு நன்றாக இருக்கிறது. கொட்டகைக் கூரையை மாற்றிவிட்டேன். சந்தையில் என் பன்றித்தொடைக்கறி வியாபாரம் சுமார். சொகுசுக் கப்பல்கள் இன்னும் வரத் தொடங்கவில்லை. வேனின் கிளட்ச் போய்விட்டது, அதற்கான சாமானுக்குக் காத்திருக்கிறேன். இந்த வேன் கதையில் பிறகு வரும்.

சென்ற முறை போனில் பேசியபோது, ஏப்ரல் கடைசியில் இந்த ஒப்பந்தம் முடிகிறது, உடனே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன், வண்டியை வித்துடு என்றீர்கள். கரையில் இருந்து என்ன செய்வது, காபிக் கடையில் உட்கார்ந்து 'தொடைக்கறிக்காரி புருஷன்' என்று பெயர் வாங்கவா என்றும் கேட்டீர்கள். மறுநாளே விற்பனைக்கு என்று அட்டை எழுதிக் கடையில் மாட்டினேன். சொன்னதைச் செய்கிறவள் நான்.

வந்தவன் ராதோன்யா. பெராஸ்டில் தண்ணீரை ஒட்டி சின்ன ஓட்டல் வைத்திருக்கிறானே, அந்தப் பெரிய உடம்புக்காரன். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். எதற்கு என்று கேட்டேன். ஓட்டல் வாசலில் நிறுத்தி, சைடுகாரில் மண் கொட்டி ஜெரேனியம் பூச்செடி வைக்கப்போகிறானாம். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். என்ஜினைக் கழற்றி எடுத்துக்கொண்டாலும் தனக்குக் கவலையில்லை என்றான். விற்ற பிறகு வாங்கியவன் அதில் பூ வைத்தால் என்ன, முட்டைக்கோஸ் வைத்தால் என்ன, எனக்கு ஒன்றுதான். அதற்கெல்லாம் நான் அசரவில்லை. ஆனால் விலை பேசும்போது அவன் ஒன்று சொன்னான்.

"ஓடாத வண்டிதானேக்கா. இரும்பு விலைக்கு மேல கொஞ்சம் போட்டுத் தர்றேன்."

சரக்கைக் குறை சொல்லி விலையை இறக்குவது நானே தினமும் செய்கிற வேலை. தெரிந்தும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நம்ம ஊர்க்காரர்களுக்கு வீம்பு வந்துவிட்டால் கணக்கு மறந்துவிடும், உங்களுக்குத் தெரியாததா. வியாழக்கிழமை வா தம்பி, நெகுஷி வரைக்கும் ஏறி இறங்கிக் காட்டுகிறேன், ஏறலைன்னா சும்மாவே எடுத்துட்டுப் போ என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், ஓட்டுவது யார் என்று யோசித்தேன்.

மெக்கானிக் பிளாஷோ வந்து பிளக்கைச் சுத்தம் செய்து, பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றினான். ஓட்டப்போவது நான் என்றதும் உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்துவந்து போட்டு உட்கார்ந்துகொண்டான். வேடிக்கை பார்க்கவாம். கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது காலுக்கு மறக்கவில்லை. கிக்கரும் கியரும் ஒரே கம்பி, உதைத்துவிட்டு மடக்க வேண்டும். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் சந்தையில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். பிளாஷோ நாற்காலியை மடக்கிக்கொண்டு போனான்.

மலைக்கு வெறும் சைடுகாரோடு போவேனா? கறி பதப்படுத்துகிறவர்களுக்குக் கடல் உப்பு எப்போதும் வேண்டும். இரண்டு மூட்டை உப்பை ஏற்றிக்கொண்டேன். திரும்பும்போது பன்றித்தொடை. வேன் செய்கிற வேலையை ஜாவா செய்யட்டும். பின்னால் ராதோன்யா காரில் வந்தான். கார் ஓட்டியது அவன் மனைவி டானிட்சா.

திரிபோ, அந்த ஏற்றத்தை எப்படிச் சொல்வது! இத்தனை வருஷம் சைடுகாரில் மடியில் கறியை வைத்துக்கொண்டு, உங்கள் முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். ஓட்டுகிறவர் கண்ணுக்கு அந்தச் சாலை வேறே. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் விரிகுடா இன்னும் கொஞ்சம் விரிகிறது. முதலில் நம் மணிக்கூண்டு மட்டும், பிறகு மதில், பிறகு எதிர்க்கரை, கடைசியில் வெளிக்கடல் வரைக்கும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தேன். பாதிக்கு மேல் அவசியத்துக்கு அல்ல, ஆசைக்கு. எதிரே இறங்கிய பஸ் என்னைக் கண்டு ஓரமாக ஒதுங்கி நின்றது. டிரைவர் சன்னலைத் திறந்து, "திரிபோ வந்துட்டாரா?" என்று கத்திக் கேட்டார். இல்லை, அவர் வண்டி மட்டும் என்று நானும் கத்திவிட்டுப் போனேன். மேலே சைப்ரஸ் எல்லாம் முடிந்து பாறையும் பனித்திட்டும் வந்தபோது மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர். காற்றினால்தான்.

நெகுஷியில் உப்பை இறக்கினேன், தொடைகளையும் சீஸையும் ஏற்றினேன், ஒரே ஒரு வாய் ராக்கியா சாராயம் கொடுத்தார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ராதோன்யா முகம் தொங்கிப்போயிருந்தது. பாதி ஜெயித்துவிட்டேன் அல்லவா.

தப்பு இறங்கும்போதுதான் நடந்தது. பாதி மலையில், படம் எடுக்க எல்லோரும் நிற்கும் அந்த அகலமான இடத்தில் ஒரு பஸ் நிறைய ஸ்லோவேனியச் சுற்றுலாக்காரர்கள். வண்டியைப் பார்த்து வந்தார்கள், கறி வாசனையில் நின்றுவிட்டார்கள். நான் கத்தியை எடுத்து ஆளுக்கு ஒரு துண்டு ருசி காட்டினேன். அப்புறம் கேட்க வேண்டுமா? முழுத் தொடையாகவே வாங்கினார்கள். சீஸும் போயிற்று. சந்தையில் ஒரு வாரம் விற்பது அங்கே ஒரு நொடியில் தீர்ந்தது. டானிட்சா காரிலிருந்து இறங்கி, பை போட்டுக் கொடுக்க எனக்கு உதவி செய்தாள். நான் மிதந்துகொண்டிருந்தேன். துணியை மடித்து, காலி சைடுகாரில் போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு கிளம்பினேன்.

காலி சைடுகார்! உங்களுக்கு இப்போதே நெஞ்சு அடைத்திருக்கும். அடுத்தது, சைடுகார் இருக்கும் பக்கமே திரும்புகிற வலது வளைவு. சைடுகார் சக்கரம் மெதுவாக, அழகாக, ஆகாயத்துக்குக் கிளம்பியது. அதன் கீழே சாலை இல்லை, கடல்தான் தெரிந்தது. பாரத்தை மொத்தமாக விற்று லாபம் பார்த்தவள், வண்டியை நிலத்தில் பிடித்து வைத்திருந்ததே அந்தப் பாரம்தான் என்பதை மறந்துவிட்டேன். 'பிரேக்கைப் பிடிச்சுத் தொலைக்காதே, உடம்பைச் சாய்' என்று நீங்கள் கத்துவது காதில் கேட்டது, சத்தியமாக. சைடுகார் பக்கமாகத் தொங்கினேன். வண்டி எதிர்ப்பாதைக்குள் போய், கல் சுவரை உரசி, தொப்பென்று மூன்று சக்கரத்திலும் நின்றது. எதிரே யாரும் வரவில்லை. முன் மட்கார்டில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

ராதோன்யா ஓடிவந்தான். போதும்க்கா, டிரெய்லர் வரவழைக்கிறேன், நானே தோத்ததா இருக்கட்டும் என்றான். நான் அவனை மேலும் கீழும் பார்த்தேன். இரண்டு உப்பு மூட்டைக்குக் குறையாமல் இருந்தான்.

"ஏறி உட்காரு தம்பி," என்றேன்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்காமல், "போங்க, தொடைக்கறி இருந்த இடந்தானே, சரியாப் பொருந்தும்," என்றாள்.

முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தான். முதல் வளைவில் சிலுவை போட்டுக்கொண்டான். அடுத்ததில் கண்ணை மூடினான். அதற்கடுத்ததில், வலது பக்கம் திரும்பும்போது அவனாகவே வெளியே சாய்ந்து பாரம் கொடுத்தான், யாரும் சொல்லாமல்! அதன்பிறகு வாயை மூடவில்லை. அதோ என் ஓட்டல் என்றான், அதோ தீவு என்றான், பிறந்ததிலிருந்து பார்த்த ஊரை முதல்முறை பார்க்கிறவன் மாதிரி. கோட்டருக்கு வந்து நிறுத்தப் போனேன். நிறுத்தாதேக்கா, அப்படியே போ என்றான். கடலோரமாகவே போனோம். மாலை வெயில், தண்ணீர் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம், மீன் வறுக்கிற வாசனை, ஒவ்வொரு படகுத்துறையிலும் யாராவது கையாட்டினார்கள். பெராஸ்டில் இறங்கினவன் வண்டியைத் தட்டிக்கொடுத்தான், குதிரையைத் தட்டுகிற மாதிரி.

பிறகு சொன்னான், பூ வைக்கிற எண்ணத்தை விட்டுவிட்டானாம். விருந்தாளிகளை இதே வழியில் அழைத்துப்போக வேண்டுமாம். கோடை முழுக்க. யார் ஓட்டுவது, நீயாக்கா என்றான். எனக்குச் சந்தை இருக்கிறது, என் வீட்டுக்காரர் ஓட்டுவார் என்றேன்.

"அவர் கப்பல்ல இல்ல இருக்காரு?"

"வந்துடுவார்," என்றேன்.

கையில் இல்லாத சரக்கை நான் இதுவரை விற்றதில்லை, திரிபோ. அன்று விற்றுவிட்டேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில். கரையில் உங்களுக்கு வேலை இருக்கிறது. அதில் நீங்கள் யாருடைய புருஷனும் அல்ல, ஜாவாக்காரர். என்னைத்தான் இனி 'ஜாவாக்காரர் மனைவி' என்பார்கள், சொல்லட்டும். வீட்டில் சத்தம் குறைவாகத்தான் இருக்கிறது, அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத இடமில்லை. என்ஜின் அறையின் வெப்பத்தில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். புனித நிக்கோலாஸ் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

ராதோன்யாவும் நானும் கைகொடுத்து முடித்த விவரம் இது. மே ஆறாம் தேதி, புனித ஜார்ஜ் நாளிலிருந்து திராட்சை அறுவடை வரை, காலையில் கடலோரம், மாலையில் மலை. பெட்ரோலும் எண்ணெயும் அவன் செலவு, கிடைப்பதில் பாதி நமக்கு. வண்டி நம் கொட்டகையில்தான் நிற்கும். சைடுகார் ஒருபோதும் காலியாகப் போகாது, ஆள் இல்லாவிட்டால் என் உப்பும் என் கறியும். ஓட்டுபவர் திரிபோ. புனித ஜார்ஜ் நாளன்று காலையில் ஓட்டுபவர் வந்து நிற்காவிட்டால், அவன் முதலில் கேட்ட அந்த அடிமாட்டு விலைக்கே வண்டியைக் கொடுத்துவிட வேண்டும், பூ வைத்துக்கொள்ள.

உங்கள்
இலின்கா