வீட்டுப்பெயர் வருவதற்குள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் புதிய தேடல் பக்கம். காலையில் மேல்மாடி ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கம் சொன்னார்கள். மென்பொருள் கம்பெனிக்காரர் பெயர் அனூப். "இனிமே முழுப் பேரும் தட்டி எண்டர் போட வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியல் தானா வந்து நிக்கும்" என்றார். ஹாலில் கைதட்டல். என்னத்தைக் கண்டார்களோ.

நிர்வாக அதிகாரி குரியாக்கோஸ் சார் மைக்கைப் பிடித்து, "நம்ம வல்சலாவுக்குத்தான் இது ரொம்ப உபகாரம். பாதி தட்டினா போதுமே" என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பியிருப்பார்கள். நாற்காலிகள் நகர்ந்த சத்தம் கேட்டது.

இந்த மருத்துவமனையின் விசாரணைத் தொலைபேசியில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தட்டுவது எனக்குக் கஷ்டம் என்று யாரிடமாவது சொன்னேனா? அங்கே இருக்கும் நான்கு பேரில் வேகமாகத் தட்டுகிறவள் நான்தான்.

ஜூன் 4, புதன்

வழக்கமாக ஒரு நாளைக்கு எண்பது அழைப்பு. இன்று முப்பத்தொன்பது.

ஜூன் 6, வெள்ளி

தலை வெடிக்கிறது. வீட்டுக்காரர் சுகுமாரேட்டன் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, பேச்சுக் கொடுக்காமல் வெளியே போய்விட்டார். இரண்டு பேருக்கும் நல்லது.

கண் இல்லாத எனக்கு வேலைக்கு இருப்பது இரண்டு காது. வலது காதில் போன் செய்கிறவர். இடது காதில் கணினிக் குரல், திரையில் இருப்பதை எனக்குச் சொல்லும். பழைய பக்கத்தில் நான் தட்டி முடிக்கும்வரை அது வாயைத் திறக்காது. பெயர், அப்பன் அல்லது புருஷன் பெயர், கடைசியில் வீட்டுப்பெயர். எண்டர். அப்புறம் ஒரே ஒரு வரி சொல்லும். அவ்வளவுதான்.

இப்போது? ஓர் எழுத்து தட்டினால், "பத்து முடிவுகள்" என்று ஆரம்பிக்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து. மறுபடி "பத்து முடிவுகள்". நான் தேடாத ஆட்களின் பெயரெல்லாம் இடது காதில் கொட்டுகிறது. வலது காதில் ஓர் அம்மா தன் மகனுக்கு ஸ்கேன் எப்போது என்று கேட்கிறார். யார் பேச்சை நான் கேட்பது? இரண்டு தடவை, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். மூன்றாவது தடவை அந்த அம்மா, "காது கேக்காதவங்களையா போன்ல உக்கார வெச்சிருக்காங்க" என்றார்.

கண் போனது போதாதென்று காதும் போச்சாம்!

அடுத்த மேசை ஷீபாவுக்குக் கண் உண்டு. அவளுக்கு வேறு கூத்து. அவள் மேசை கவுண்டரை ஒட்டி இருப்பதால் நேரில் வருகிறவர்களையும் பார்ப்பாள். இன்று ஒருவர் கவுண்டரில் எக்கித் திரையைப் பார்த்திருக்கிறார். அவள் 'பேபி' வரைதான் தட்டியிருந்தாள். உடனே அவர், ஊருக்கே கேட்கிற குரலில், "அட, நம்ம பேபிச்சனா இது? மனநலப் பிரிவுக்கா வர்றான்? அதான் கொஞ்ச நாளா ஆளு ஒரு மாதிரி!" என்றார். ஷீபா சிரித்து மழுப்பிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அறுபத்திரண்டு. குரியாக்கோஸ் சார் கணக்கெடுத்துப் பார்க்கிறாராம், நான்தான் கடைசி. நான் கடைசியா! ஷீபா ஒரு வழி சொன்னாள்: "முதல்ல என்ன பேர் வருதுன்னு கேளுங்க, சரியா இருந்தா உடனே தட்டிடுங்க சேச்சி. முழுசா உக்காந்து தட்டிக்கிட்டு இருக்காதீங்க." அப்படியே செய்கிறேன். பக்கம் திறந்ததும் பெயரையும் வீட்டுப்பெயரையும் போனில் இருப்பவருக்குத் திரும்பச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். அதற்குப் பட்டியலுக்கு மேலே ஏறி இறங்க வேண்டும். நேரம் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

எழுத்துகள் தப்புத் தப்பாக விழுகின்றன.

ஏலியாம்மா வர்க்கி. வீட்டுப்பெயர் தெக்கேமுறி. அறுபத்தெட்டு வயது. இதயத்தில் வால்வு மாற்றியவர். இரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் குறித்த தேதியில் இரத்தம் பார்த்தே ஆக வேண்டும். 12ஆம் தேதி வந்திருக்க வேண்டியவர். பத்தாம் தேதி போன் செய்து எப்போது வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். 26 என்று சொல்லியிருக்கிறோம். நேற்று காலை மூக்கிலிருந்து இரத்தம் நிற்காமல் கொட்டி, ஆம்புலன்சில் கொண்டுவந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டிருக்கிறார்கள்.

சொல்லியிருக்கிறோம் என்ன, சொல்லியிருக்கிறோம்? நான் சொன்னேன். குரியாக்கோஸ் சார் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். அந்தம்மா, "ஏலியாம்மா வர்க்கி" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, "தெக்கேமுறி" என்கிறார். உடனே என் குரல்: "இருபத்தாறாம் தேதி சேச்சி, சௌகரியமா வாங்க."

சௌகரியமா வாங்க.

26ஆம் தேதி வர வேண்டியவர் இன்னோர் ஏலியாம்மா வர்க்கி. வீட்டுப்பெயர் கொச்சுபறம்பில். கண் பரிசோதனை. இந்த ஊரில் ஒரு தெருவுக்கு இரண்டு ஏலியாம்மா, அதில் ஒருத்தியின் வீட்டுக்காரராவது வர்க்கியாக இருப்பார். வீட்டுப்பெயரை வைத்துத்தான் ஆளைப் பிரிப்போம். கைக்குழந்தைக்கும் தெரியும் இது.

ஆனால் என் காதில் தெக்கேமுறி என்றுதான் விழுந்தது. போனிலும் தெக்கேமுறி, கணினியிலும் தெக்கேமுறி. சத்தியமாக. பின் எப்படி?

ஜூன் 21, சனி

டியூட்டி முடிந்தும் போகவில்லை. அதே பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பத்துத் தடவையில் மூன்று தடவை, கேட்டது ஒரு ஏலியாம்மா, திறந்தது இன்னொருத்தி. ஷீபாவை நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"பட்டியல் லேட்டா வருது சேச்சி. நீங்க தட்டுற அந்த நொடியில புதுசு வந்து பழசை ஒரு வரி கீழ தள்ளிடுது."

"உனக்கும் இப்படி ஆகுமா?"

"தினம் ரெண்டு மூணு தடவை. நான் மேல பேரைப் பாத்துட்டு, வேற ஆளுன்னா மூடிடுவேன்."

"பதினெட்டு நாளா தெரிஞ்சும் வாயத் தொறக்கல நீ."

"எல்லாருக்கும் ஆகுதே சேச்சி, இதைப் போய் என்னன்னு சொல்றது?"

"இப்பச் சொல்லு. சார்கிட்ட வந்து சொல்லு."

கைப்பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம். அப்புறம் மெதுவாக, "அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட் முடியுது சேச்சி" என்றாள்.

போடீ.

ஜூன் 23, திங்கள்

ஏலியாம்மாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கர்த்தர் கைவிடவில்லை, அவரையும் என்னையும்.

குரியாக்கோஸ் சார் கூப்பிட்டார். தயாராக ஒரு விளக்கக் கடிதம். என் விரலைப் பிடித்துத் தாளில் ஓரிடத்தில் வைத்து, "இங்க ஒரு கையெழுத்து. கஷ்டம்னா கைநாட்டு போதும், மை இருக்கு" என்றார்.

கைநாட்டு! பி.ஏ. படித்தவளுக்கு. இதே ஆள்தான் இருபத்திரண்டு வருடம் என் கையெழுத்தைச் சம்பளப் பதிவேட்டில் பார்த்தவர்.

"என்ன எழுதியிருக்கு, வாசிங்க சார்" என்றேன். வாசித்தார். தவறு நடந்துவிட்டது, வருந்துகிறேன், இனி நடக்காது. அவ்வளவே. ஆனால் அவர் வாசித்தது ஒரு தாளுக்கே காணாது. விரலுக்குத் தெரியாதா? ஒன்றுக்கு இரண்டு தாள், ஊசி குத்தியிருந்தது. "வீட்டுல வெச்சு யோசிச்சுட்டுத் தர்றேன்" என்று எடுத்து வந்துவிட்டேன்.

வீட்டில் கைபேசியைத் தாளுக்கு மேலே பிடித்தேன். அது முழுவதையும் வாசித்தது. "எனது பார்வைக் குறைபாட்டின் காரணமாகப் பெயரைச் சரிவரக் கண்டறிய இயலாமல்." இரண்டாம் தாளில், டோக்கன் எண் அறிவிக்கும் மைக்குக்கு என்னை மாற்றும்படி நானே கேட்டுக்கொள்கிறேனாம். மூன்று தடவை வாசிக்க வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே குரல், அதே நிதானம். சுவரில் எறியலாம் போல இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

கையெழுத்துப் போடவில்லை.

"நான் பண்ண தப்பை நானே எழுதித் தர்றேன் சார். திரும்பச் சொல்லி உறுதி பண்ணாம தேதி சொன்னேன். அது என் தப்பு. ஆனா கண்ணு பண்ணல. உங்க பட்டியல் பண்ணுச்சு."

"மத்த மூணு பேருக்கும் வராத பிரச்சினை உனக்கு மட்டும் எப்படி வல்சலா?"

"அவங்களுக்கும் வருது."

"யாரு சொன்னா?"

யார் சொன்னதென்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவள் எனக்கு என்ன செய்துவிட்டாள்? கேட்டுக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். சார் கடைசியாகச் சொன்னது: "உன் நல்லதுக்குத்தான். நல்ல குரல் இருக்கு உனக்கு. மைக்ல நம்பர் சொல்றதுல தப்பே வராது."

எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று என்று ஓய்வு பெறும்வரை. ஒருத்தரும் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஜூன் 26, வியாழன்

அனூப் வந்தார். ஹாலுக்கு அல்ல, என் மேசைக்கு. நான்தான் கம்பெனிக்கு போன் மேல் போன் போட்டு வர வைத்தேன். பார்த்தார். ஹாலில் புது கேபிள், இங்கே பழைய கேபிள், அதனால் பட்டியல் தாமதமாக வந்து மாறுகிறது என்றார்.

"சரி, இதுக்கு என்ன வழி?"

"செட்டிங்ஸ்ல இருக்குற ஒரு டிக்கை எடுத்துட்டா போதும் சேச்சி. அப்புறம் எண்டர் தட்டினாத்தான் தேடும். பழைய மாதிரியே."

"எவ்வளவு நாளாகும்?"

"இப்பவே. அது முதல்லருந்தே இருக்கு."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே சேச்சி."

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று முழுவதும் நினைவில்லை. ஒரு டிக். ஒரு பொம்பளை மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு கிடந்தாள், ஒரு டிக் எடுக்க உங்களிடம் மனுப் போட வேண்டுமா என்று கேட்டேன். அனூப், "சாரி சேச்சி" என்றார். நல்ல மனிதர்தான். அது எனக்கு எதற்கு?

ஜூன் 27, வெள்ளி

இது இன்னும் மோசம். என் மேசையில் மட்டும் டிக் எடுப்பார்களாம். மற்ற மூன்றிலும் அப்படியே இருக்கும், மருத்துவமனையை நடத்தும் டிரஸ்ட் ஆட்கள் வரும்போது பார்க்க நன்றாக இருக்கிறதாம். அறிவிப்புப் பலகையில் போட ஒரு வரி: "மாற்றுத்திறனாளி ஊழியருக்கான சிறப்பு ஏற்பாடு."

வேண்டாம் என்றேன்.

சார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "உனக்கு என்னதான் வேணும்?"

"நாலு மேசையிலயும் எடுங்க. இல்லன்னா என்னுதுலயும் எடுக்காதீங்க."

வீட்டில் சுகுமாரேட்டன், "கெடைச்சதை வாங்கிட்டு வாயேன். ஊரைத் திருத்தவா போற?" என்றார். இவருக்கும் புரியவில்லை. என் மேசையில் மட்டும் எடுத்தால் என்ன அர்த்தம்? கோளாறு பட்டியலில் இல்லை, வல்சலாவிடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கடிதத்தில் நான் போடாத கையெழுத்தைப் பலகையில் போட்டுவிடுவார்கள். அடுத்த ஏலியாம்மா ஷீபாவின் மேசையில் மாட்டுவாள்.

சனிக்கிழமையிலிருந்து பேசாமல் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம், ஷீபாவும் நானும்.

ஜூலை 1, செவ்வாய்

காலை பதினொரு மணிக்கு ஷீபாவின் கவுண்டரில் ஓர் ஆண் குரல். மிகவும் சன்னம்.

"நான் இங்க வர்றது ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. உங்க கம்ப்யூட்டர்ல பாத்ததா சொல்றாங்க. என் பொண்ணுக்குப் பேசி வெச்ச சம்பந்தம் நின்னு போச்சு. யாருகிட்ட போய்க் கேக்கணும்?"

பேபிச்சன். சண்டைக்கு வரவில்லை மனுஷன், வழி கேட்கிறவர் மாதிரி கேட்டார். நான் எழுந்து அவரைக் குரியாக்கோஸ் சார் அறை வரை கூட்டிப்போனேன். கம்பை ஊன்றிக்கொண்டு நான் முன்னால், அவர் பின்னால்.

திரும்பி வந்தபோது ஷீபாவின் நாற்காலி காலி. அரை மணி கழித்து வந்தாள். அழுதிருக்கிறாள், மூக்கு அடைத்திருந்தது. ஒரு மாதத்தில் எத்தனை தடவை தப்பான பக்கம் திறந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சார் மேசையில் வைத்துவிட்டு வந்தாளாம். மற்ற இரண்டு பேரும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"கான்ட்ராக்ட்?" என்றேன்.

"போனா போகுது சேச்சி."

இரண்டு மணிக்கு நான்கு மேசையிலும் டிக் எடுத்தாயிற்று. என் கடிதத்தை என் வார்த்தையிலேயே வாங்கிக்கொண்டார்கள். எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கை. அது நியாயம்தான். என் கோபம் மட்டும் இன்னும் தணியவில்லை. பேபிச்சனுக்கு எந்த டிக்கை எடுப்பார்கள்?

ஜூலை 9, புதன்

எழுபத்தெட்டு அழைப்பு.

மதியம் ஒரு குரல். "ஏலியாம்மா வர்க்கி," ஒரு மூச்சு, "தெக்கேமுறி." தட்டிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. முழுவதும் தட்டினேன். எண்டர். ஒரே வரி. பெயர், வீட்டுப்பெயர், வயது, மூன்றையும் திரும்பச் சொன்னேன். சரியென்றார். 17ஆம் தேதி, வியாழன், காலை எட்டு மணிக்கு இரத்தப் பரிசோதனை என்றேன்.



"அன்னிக்கு எனக்குத் தேதி சொன்ன மோளா நீ?"

"ஆமா சேச்சி. நான்தான். மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் போச்சு, விடு. நான் ஒண்ணு கேட்டா வருத்தப்படக் கூடாது. வேற யாராவது பக்கத்துல இருந்தா போனை ஒரு தடவை குடேன். இன்னொருத்தர் வாயாலயும் கேட்டுக்கறேன்."

ஷீபாவுக்கு இணைத்தேன். ஷீபா தட்டிப் பார்த்து, அதே தேதியைச் சொன்னாள். அதன் பிறகுதான் அந்தம்மா, "சரி மோளே, வர்றேன்" என்று போனை வைத்தார்.