காற்றென்று நினைத்த குரல்

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உங்கள் கம்பெனியில் செய்து நீ அனுப்பிய காது மெஷின் பத்திரமாக வந்தது. காது மையத்துப் பெண் மாட்டிவிட்டாள். ஃபோனில் பேசினால் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, அதனால்தான் கடிதம்.

வார்த்தைகள் நிஜமாகவே புரிகின்றன. தையல் கடைக்கு வருகிறவள் ‘கை வை’ என்றதை ‘பை வை’ என்று கேட்டு, சட்டையில் இரண்டு பை தைத்துக் கொடுத்தேனே, அந்தக் கூத்தெல்லாம் இனி இல்லை. ஆனால் ஒரு குறை. எல்லார் குரலும் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் இருக்கிறது. ஃபேன் இரைச்சலும் கூடவே வருகிறது. உன் அத்தான் குரல்தான் பெரிய கொடுமை. இத்தனை வருஷம் பஸ் ஓட்டியும் ஒருத்தரை அதட்டாத குரல் அது. நேற்று “மாத்திரை போட்டியா?” என்றார். போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. அவரிடமே சொன்னேன்.

“இப்பவாவது என்னைப் பார்த்துப் பயந்தியே” என்று சிரித்தார். சிரிப்பும் தகரம்தான்.

அந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்துவிடு. வேறொன்றும் வேண்டாம்.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, “நம்ம மொத்தத் தலைவலியையும் உங்க அக்கா ஒரே பக்கத்துல எழுதிட்டாங்க” என்றார்.

உன் மெஷினில் மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அழுத்தி வைத்திருந்தேன். அதனால் எழுத்துகள் பிரிந்து கேட்கும், ஆனால் குரலின் ஏற்ற இறக்கம் நசுங்கிப்போகும். அதைத் தளர்த்திவிட்டு, இரைச்சலை அடக்கும் வேலையைக் கூட்டியிருக்கிறேன். விட்டு விட்டு வருவதைப் பேச்சு என்றும், ஒரே சீராக வருவதை இரைச்சல் என்றும் மெஷின் எடுத்துக்கொள்ளும். குரல் இதமாகிவிடும். சில வார்த்தைகள் நழுவலாம். தெளிவும் இதமும் சேர்ந்து கிடைப்பதில்லை அக்கா. நீ அத்தான் குரலைக் கேட்டாய், அதனால் இதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன். புது அளவுகளைக் காது மையத்துப் பெண்ணுக்கு அனுப்பியாயிற்று.

உன் வாலுத் தம்பி


ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பாய். ஃபேன் சத்தம் போன இடம் தெரியவில்லை. உன் அத்தான் குரல் பழையபடி வந்துவிட்டது. அன்றைக்கு அவரைப் பேப்பர் முழுக்கப் படிக்க வைத்துக் கேட்டேன், விளம்பரங்கள்கூட.

ஆனால் பிறகு நடந்தது நல்லதாக இல்லை. அவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டதாம். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, “வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் ஒருத்தி வந்து போகிறாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என்னிடம் பேசுவதே இல்லை. என் முகத்தையே பார்ப்பார். உதடு அசையும், மூச்சு வாங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன். கேள்வி கேட்டு அலட்ட வேண்டாம் என்று நானும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சில சமயம் அவர் கண்ணில் தண்ணீர் வருகிறது. துடைத்துவிடுகிறேன். என்மேல் என்ன வருத்தமோ, தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

இப்போதுதான் படித்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். நோயில் குரல் போய் மூச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். மெஷினுக்கு அந்த மூச்சுப் பேச்சும் ஃபேன் காற்றும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து அடக்கியிருக்கும். காது மையத்துப் பெண்ணிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன், வீட்டுக்கே வந்து பழைய அளவுக்கு மாற்றித் தருவாள். தகரமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு கேள் அக்கா.

தம்பி


மே 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே அந்தப் பெண் வந்துவிட்டாள். மாற்றியதும் முதலில் கேட்டது அவர் குரல்தான். “ஜன்னலைச் சாத்து” என்றார். கீறல்தான், ஆனால் ஓர் எழுத்து தவறவில்லை.

‘இத்தனை நாள் என்ன சொன்னீங்க?’ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், “மனசு லேசாயிருச்சு. எல்லாத்தையும் உங்கிட்டச் சொல்லிட்டேன். நீ பாதியிலேயே எழுந்து போயிடுவியோன்னு பயந்தேன். நீ கையை விடவே இல்லையே” என்றார்.



“கோபமில்லையே?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றேன்.

அன்று நன்றாகத் தூங்கினார். அதன் பிறகு தண்ணீர் கேட்டார், தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். வேறெதுவும் பேசவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

நர்ஸிடம் விசாரித்துப் பார்த்தேன். “அய்யா உங்ககிட்ட அழுதுக்கிட்டே பேசுவாரும்மா. நாம எதுக்கு நடுவுலன்னு நான் வெளியே போய் உக்காந்துக்குவேன்” என்றாள்.

எதை மன்னித்தேன் என்று எனக்குத் தெரியாது தம்பி. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளாக இருக்குமோ, இவருக்கு அவர் ஏதாவது தீங்கு செய்துவிட்டாரோ என்று. நல்ல மனுஷன் என்று சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன்.

உன்மேல் கோபமில்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தாய். ஆனாலும் கொஞ்ச காலம் எழுதாதே. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்கக் கை வரவில்லை. போன வாரம் வந்தது அப்படியே இருக்கிறது. முடிகிறபோது நானே எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா