இரண்டாவதாக வந்த செய்தி

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தத் தீவில் இருக்கும் ஒரே ஃபோன் ஆபீஸ் மேஜைமேல் இருக்கிறது, பேசினால் சுவருக்கெல்லாம் காது முளைக்கிறது. சரக்குப் படகில் கடிதம் கொடுத்தனுப்புவதே மேல்.

மே 28ஆம் தேதி காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் வானிலை அளவுகளை எடுத்தேன். காற்று மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர். தட்டும்போது விரல் தவறி ஏழுக்குப் பதில் ஒன்று விழுந்து, பன்னிரண்டு என்று போய்விட்டது. பத்து நிமிஷத்தில் கண்ணில் பட்டது. உடனே அதே நிலைய எண், அதே எட்டு மணி போட்டு, முன்னால் ‘திருத்தம்’ என்ற குறியும் போட்டு, சரியான எண்ணோடு இன்னொரு செய்தி அனுப்பினேன். அக்கரையில் படகுத்துறை குன்றுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிறது. அங்கே நின்றால் காற்றே தெரியாது. நீ வேலை பார்க்கும் தலைமையகத்திலிருந்து வரும் பட்டியலைப் பார்த்துத்தான் படகை விடுவார்கள். ஒன்பது மணிக்கு விட்டுவிட்டார்கள், அக்கா. நடுவழியில் கவிழ்ந்தது. ஏறி வந்த ஏழு பேரையும் கரை சேர்த்துவிட்டுப் படகோட்டி மூழ்கிப் போய்விட்டார். இத்தனை நாள் உன் கடிதங்களை என் கையில் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

இப்போது விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கிறது. என்னிடமிருந்து ஒரே செய்திதான் வந்ததாம். திருத்தம் என்று எதுவும் வரவே இல்லையாம். பின்னே என் திருத்தம் எங்கே போயிற்று? யாரோ எடுத்திருக்கிறார்கள். எனக்கு மேற்பார்வையாளர் மேல்தான் சந்தேகம். மெஷினுக்குக் காகிதச் சுருள் தரவில்லை என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டதிலிருந்து அவருக்கு என்மேல் கறுவல். அந்தச் சுருள் இருந்திருந்தால், அனுப்பியதற்கு ஒரு சீட்டாவது என் கையில் இருந்திருக்கும்.

விசாரணை ஜூலை 2. அதற்குள் எதுவும் கிடைக்காவிட்டால் என் வேலை போகும். வேலையாவது போகட்டும், ஒரு மனிதரைக் கொன்றவள் என்ற பேர் எனக்கு நிலைத்துவிடும். வரும் செய்திகளைப் பிரித்தெடுக்கும் பிரிவில் நீதானே இருக்கிறாய். கொஞ்சம் தேடிப் பாரேன், அக்கா.

உன்
வாலு


ஜூன் 9

என் செல்ல வாலுக்குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. "சின்னவ என்ன எழுதியிருக்கா?" என்று அம்மா மூன்று தடவை கேட்டாள். "அங்க மழையாம்" என்றேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு எழுத்து தெரியவில்லையே தவிர, என் குரலை நன்றாகப் படிக்கிறாள். வழக்கம்போல் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது, வாசித்துக் காட்டுகிறேன்.

நீ சொன்னபடி தேடினேன். இங்கே நடப்பது இதுதான்: நூற்றுக்கணக்கான நிலையங்களின் செய்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மணிக்கு ஒரு கோப்பாக வந்து விழும். திறந்தால் உள்ளே வெறும் குறியீடு. எங்கள் நிரல் அதை அவிழ்த்து, செய்தி செய்தியாகப் பிரித்து, வேண்டாததை வடிகட்டிவிட்டு, மீதியைப் பட்டியலாக்கும். அந்தப் பட்டியலில் உன் நிலையத்துக்கு ஒரே வரிதான் இருக்கிறது. காற்று பன்னிரண்டு. மேற்பார்வையாளரை இதில் இழுக்காதே. அவருக்குக் கோப்பைத் திறக்கவே தெரியாது, பாவம்.

ஒன்று கேட்டால் கோபப்படக் கூடாது. நீ நிஜமாகவே அனுப்பினாயா, இல்லை அனுப்ப நினைத்தாயா? ஆறாவது படிக்கும்போது, மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்கி டீச்சரிடம் கொடுத்துவிட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய். அது ஒரு மாதமாக மெத்தைக்கு அடியில் இருந்தது. பேசாமல் விரல் தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடு. சின்னத் தண்டனையோடு விட்டுவிடுவார்கள். இழுத்துக்கொண்டே போனால் வேறு தலைகளும் உருளும்.

உன் நன்மைக்கே சொல்லும்
அக்கா


ஜூன் 14

அக்கா,

கோபப்படாதே என்று சொல்லிவிட்டு அடித்தால் வலிக்காதா? மார்க் ஷீட் மெத்தைக்கு அடியில் இருப்பதை அம்மாவிடம் போட்டுக்கொடுத்தவள் யார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே.

நான் நினைக்கவில்லை, அனுப்பினேன். பதிவேட்டிலும் எண்ணை அடித்துத் திருத்தி வைத்தேன். சோதனைக்கு வந்தவர்கள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய், படகு கவிழ்ந்த பிறகு நான் திருத்தியதாகச் சொல்கிறார்கள். படகோட்டியின் மனைவி இங்கேதான் இருக்கிறார். தினமும் காலையில் வேலிக்கு வெளியே வந்து நின்று, காற்றின் வேகத்தை அளக்கும் கருவி சுற்றுவதையே பார்க்கிறார். நேற்று, "அன்னைக்குக் காத்து எவ்வளவும்மா?" என்று கேட்டார். "எழுபத்திரண்டுங்க" என்றேன். "அப்ப ஏன் படக விட்டாங்க?" என்றார். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீ பார்த்தது வடிகட்டி முடித்த பட்டியலை. அரிசியைப் புடைத்த பிறகு சட்டிக்குள் எட்டிப் பார்த்து, கல்லே இல்லை என்கிறாய். முறத்திலிருந்து கீழே விழுந்ததைப் பார்த்தாயா? வடிகட்டுவதற்கு முன்னால் வந்த மூலக் கோப்பைத் திற. இருபது வருஷம் இதே வேலை செய்கிறவளுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

அப்புறம், வேறு தலைகளும் உருளும் என்றாயே, யாருடைய தலை? ஜூலையில் பிரிவுத் தலைவர் பதவிக்கு உன் பெயர் போயிருக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தாய். யாரையோ காப்பாற்றச் சொல்லி மேலே இருப்பவர்கள் உன் வாயைக் கட்டியிருக்கிறார்களா? எனக்கு இப்போது யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருக்கிறது.

வாலு


ஜூன் 20

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

என் வாயை யாரும் கட்டவில்லை. கண்டதையும் கற்பனை பண்ணாமல் வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீ கேட்டபடி மூலக் கோப்பையும் திறந்து பார்த்துவிட்டேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், உன் நிலைய எண்ணைக் கொடுத்து ஒவ்வொரு செய்தியாகத் தேடினேன். இரண்டாவது செய்தி எதுவும் அதில் இல்லை. இனிமேல் கிளறி ஒரு பயனும் கிடையாது. முப்பது நாளானால் மூலக் கோப்புகள் தாமாகவே அழிந்துவிடும். வருகிற 27ஆம் தேதியோடு அந்த நாளின் கோப்பும் போய்விடும். அதோடு இந்தப் பேச்சும் முடியட்டும்.

அந்தப் பெண்மணியைப் பற்றி எழுதியிருந்தாய். மனசு கேட்கவில்லை. எழுபத்திரண்டு காற்று, மூன்றரை மீட்டர் அலை, அதில் அத்தனூண்டு படகு எப்படித் தாங்கும்? அதிலும் ஏழு பேரைக் கரை சேர்த்தாரே, மனிதர் என்றால் அவர் மனிதர். நீ கொஞ்ச நாள் வேலிப் பக்கம் போகாதே.

உன் நாலு வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இவ எதையோ மறைக்கிறா" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

மூன்றரை மீட்டர் என்று உனக்கு யார் சொன்னது?

நான் சொல்லவில்லை. என் கடிதங்களை எடுத்துப் பார், காற்றைத் தவிர எதையும் நான் எழுதவில்லை. மெமோ கேட்டதும் காற்றைத்தான், என் விளக்கத்தில் இருப்பதும் காற்றுதான். பதிவேட்டில்கூட அவசரத்தில் காற்றை மட்டும்தான் திருத்தினேன். முதல் செய்தி அனுப்பும்போது மழையில் கடலே தெரியவில்லை. அதனால் அலைக்கான இடத்தை வெறுமையாக விட்டேன். பத்து நிமிஷத்தில் மழை விட்டது. வராந்தாவில் நின்று பார்த்து, மூன்றரை என்று திருத்தத்தில் சேர்த்தேன். உலகத்திலேயே அந்த ஒரு செய்தியில்தான் அது இருக்கிறது.

நீ அதைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு உட்கார்ந்து, இல்லை என்று கை கூசாமல் எனக்கு எழுதியிருக்கிறாய். நான் மேற்பார்வையாளரைச் சந்தேகப்பட்டேன், சோதனைக்கு வந்தவர்களைச் சந்தேகப்பட்டேன், உன் மேலதிகாரிகளையும் சந்தேகப்பட்டேன். அப்போதும் உன் வாயை யாரோ கட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேனே தவிர, நீயாக மூடிக்கொண்டிருப்பாய் என்று நினைக்கவில்லை.

இந்தக் கடிதம் 26ஆம் தேதி உன் கைக்கு வரும். கோப்பு 27 வரை இருக்கும் என்று நீதான் எழுதியிருக்கிறாய்.


ஜூன் 27

என் கண்ணே வாலு,

இன்று காலையில் கோப்பை நகல் எடுத்து, விசாரணைக் குழுவிடம் நேரில் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன் திருத்தம் எட்டு மணி பதினோரு நிமிஷத்துக்கு வந்திருக்கிறது. குறி, காற்று, அலை எல்லாமே சரியாக இருக்கிறது. யாரும் அதை எடுக்கவில்லை. வடிகட்டிதான் தள்ளியது. அந்த வடிகட்டியை எழுதியவள் நான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், பழைய இணைப்பில் ஒரே செய்தி இரண்டு மூன்று தடவை வந்து பட்டியலைக் குழப்பிக்கொண்டிருந்தது. ஒரே நிலையம், ஒரே மணி என்றால் முதலில் வந்ததை வைத்துக்கொள், பிறகு வந்ததைத் தள்ளிவிடு என்று ஒரு விதி எழுதினேன். எல்லோரும் கை தட்டினார்கள். திருத்தக் குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. இந்த நாலு வருஷத்தில் இன்னும் எத்தனை பேருடைய திருத்தத்தை அது தின்றிருக்கிறதோ.

ஜூன் 8ஆம் தேதியே எனக்குத் தெரியும். மார்க் ஷீட் கதையை எழுதும்போதே தெரியும். கோப்பைத் திறந்து உன் இரண்டாவது செய்தியைப் பார்த்ததும் உடனே மூடிவிட்டேன். பதவி, அம்மாவின் இன்னொரு கண்ணுக்கான ஆபரேஷன் செலவு, ஆபீஸில் எல்லோர் முகமும் கண்முன் வந்து நின்றது. சின்னவள்தானே, ஒப்புக்கொண்டால் அவளை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மூன்று வாரமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன், தூங்கினேன்.

நடந்ததை என் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டேன். பதவி இனி இல்லை. வேலை இருக்குமா என்று பிறகு சொல்வார்கள். என்னைத் திட்டி எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
அக்கா


ஜூலை 12

அக்கா,

என்மேல் இருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். விரல் தவறியதற்கு ஒரு எச்சரிக்கையோடு சரி. மேற்பார்வையாளர் நாலு காகிதச் சுருள் அனுப்பியிருக்கிறார். அவரைச் சந்தேகப்பட்டதற்கு ஃபோனிலேயே மன்னிப்புக் கேட்டேன். "நான் நெஜமாவே கறுவிக்கிட்டுத்தாம்மா இருந்தேன்" என்றார். வெள்ளை மனசுக்காரர்.

படகோட்டியின் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். முதலில் தப்பாகத் தட்டியவள் நான், பிறகு சரியாக அனுப்பியதைத் தள்ளியது என் அக்கா எழுதிய விதி என்று. "ரெண்டு பேரும் ஒரே வீடா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் வேலிக்கு வரவில்லை.

உன் 27ஆம் தேதிக் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அதில் எழுதியிருப்பது உண்மை என்று தெரிகிறது. விசாரணைக் குழு அதை ஏற்றுக்கொண்டது, நல்லதுதான். ஆனால் எனக்கு முதலில் வந்தது, இல்லை என்று நீ எழுதிய கடிதம். அதைத் தள்ளிவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். முடியவில்லை, அக்கா.

இனி உன் பெயரில் எனக்கு எழுத வேண்டாம். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவாயே, அந்தத் தாள் மட்டும் போதும். அவள் சொல்வதை எதையும் விடாமல் அப்படியே எழுது, அழுதாலும் திட்டினாலும் அப்படியே எழுது. கண் மருந்தை மதியமும் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர், மறந்துவிடாதே.

தங்கை