வாய் மூடாத கதாநாயகிகள்

என்னங்க,

நீங்கள் கப்பலேறிய பிறகு காதல் நாவல்கள் படிக்கப் பழகிவிட்டேன். இன்று நூலகத்துக்காரி நான் எடுத்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது கொஞ்சம் சூடான கதை, பரவாயில்லையா?" என்றாள்.

"ஆறிப்போனதைப் படிக்கவா இவ்வளவு தூரம் வர்றேன்?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

முத்தக் காட்சிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது கெட்டிக்காரக் கதாநாயகிகள். காதலன் தோளில் சாய்ந்தபடியே அவன் சொன்ன பொய்யையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்டுபிடித்த பிறகும் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

திரும்பும் வழியில் உங்களோடு வேலை பார்த்தவரின் மனைவியைப் பார்த்தேன். உங்கள் கப்பல் எப்போதோ கரை சேர்ந்துவிட்டதாம். தெரிந்ததுபோல் தலையாட்டினேன்.

கம்பெனி முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். வருவீர்களா, மாட்டீர்களா? ஒரு வரி போதும். ராத்திரியில் கதவைத் தாழிடலாமா என்று எனக்குத் தெரியவேண்டும்.

இன்றுவரை உங்கள்
மனைவி