உள்பாக்கெட் இல்லாத ஜாக்கெட்

கோபக்காரப் பாடகருக்கு,

ஜாக்கெட் தயார். ஆள் அனுப்ப வேண்டாம், நீங்களே வாருங்கள். தோள் அளவைச் சரிபார்க்க வேண்டும். அது எனக்கு மனப்பாடம் என்று உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் வாருங்கள்.

மேடைக்கு நான் தைக்கும் ஒவ்வொரு ஜாக்கெட்டிலும், நெஞ்சுப் பக்கம் நீளமாக ஓர் உள்பாக்கெட் கேட்பீர்கள். விபத்தில் போன உங்கள் டிரம்மர் நண்பரின் இரண்டு குச்சிகளும் அதில்தான் இருக்கும். அன்றைக்கு வண்டியை ஓட்டியது நீங்கள் என்பதால் நானும் எதுவும் கேட்டதில்லை, தைத்துக் கொடுத்தேன்.

போன வாரம் நீங்கள் கழற்றிப் போட்ட ஜாக்கெட்டிலிருந்து என் மகள் அவற்றை எடுத்து வாளியில் தட்டினாள். ஒன்று முறிந்தது. நீங்கள் போட்ட சத்தத்தில் பிள்ளைக்கு முகமே செத்துவிட்டது. மற்றதை எடுத்துக்கொண்டு போனவர்தான்.

"அம்மா, அவர் இனிமே வரமாட்டாரா?" என்று கேட்டாள்.

"போய் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வை" என்றேன்.

உங்களுடையதையும் சேர்த்து மூன்று வைத்தாள். நானும் ஒன்றைத் திருப்பி வைக்கச் சொல்லவில்லை.

இவள் அப்பா விட்டுப்போனபோதே எங்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. நீங்கள் வராவிட்டாலும் அணையாது. வந்தால், மன்னிப்பை அவளிடம் கேளுங்கள். என்னிடம் வேண்டாம்.

முறிந்த குச்சியை அவளே பசை தடவி, என் சிவப்பு நூலைச் சுற்றி வைத்திருக்கிறாள். தட்டிப் பார்த்தேன், நன்றாகவே சத்தம் வருகிறது.

இந்த ஜாக்கெட்டில் உள்பாக்கெட் வைக்கவில்லை.

வரும்போது அந்த இன்னொரு குச்சியையும் கொண்டுவாருங்கள். ஒற்றைக் குச்சியை வைத்துக்கொண்டு பிள்ளை எவ்வளவு நேரம்தான் தட்டுவாள்?

இப்படிக்கு,
உங்கள் தையல்காரி